பதினெட்டு வளைவும் வாப்பாவின் பென்ஸும்

"இனி நான் பஸ்ஸில போறன் மகன்."

உம்மா இதைச் சொன்னது கோபத்தில் அல்ல. 2021 டிசம்பரில் ஒரு நாள், இஷாவுக்குப் பின்னர் கண்டியிலிருந்து வீடு வந்து சேர்ந்து, திண்ணையில் அமர்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். நான் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன்.

அன்று பின்னேரம் நடந்ததை அவர் வழியெல்லாம் பேசவேயில்லை. கண்டி ஆஸ்பத்திரியில் மாதாந்தக் கிளினிக் முடித்துவிட்டு ஹுன்னஸ்கிரிய கடந்து பதினெட்டு வளைவில் இறங்கிக்கொண்டிருந்தோம். வடகீழ்ப் பருவ மழை. மலையின் அந்தச் சரிவில் டிசம்பர் மழை எப்படிப் பெய்யும் என்பது நம் பக்கத்திலிருந்து கண்டிக்குப் போய்வருபவர்களுக்குத் தெரியும். ஒரு கொண்டை ஊசி வளைவின் நடுவில் பாதை சற்றுத் தாழ்ந்திருந்தது. அந்தத் தாழ்வில் காரின் பின்பக்கம் 'டக்'கென்று அடித்தது. அடுத்த கணம் வால் பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கியது. நான் பயத்தில் பிரேக்கை மிதித்தேன். அது இன்னும் மோசமாயிற்று. கீழிருந்து ஏறி வந்த லொறிக்காரர் நிறுத்தியிராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். கார் பாதைக்குக் குறுக்காக நின்றபோது பின் ஆசனத்தில் உம்மாவின் சுடுதண்ணீர்ப் போத்தல் மட்டும் உருண்டுகொண்டிருந்தது. அவர் கையில் தஸ்பீஹ் இருந்தது. "ஓட்டு மகன்" என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கார் வாப்பாவினுடையது. 1989ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ், 250 டீசல். கார்ப் பிரியர்கள் டபிள்யூ 124 என்பார்கள். 1984 இறுதியில் வெளிவந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை ஓடிய வகை. செடான் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். சம்மாந்துறையில் வாப்பாவுக்கு அரிசி ஆலை இருந்தது. நெல் நன்றாக விளைந்த ஒரு போகத்துக்குப் பிறகு, 1998இல், கொழும்பில் ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கினார். அதற்காக உம்மாவின் இரண்டு காப்புகள் போயின என்பது வேறு கதை. வாப்பா ஒற்றைக் கையால் ஓட்டுவார். உம்மா மஹியங்கனை தாண்டியதும் தூங்கிவிடுவார், கண்டியில்தான் எழும்புவார். அதே வளைவுகள், அதே கார். வாப்பா 2016இல் வபாத்தானார். அதன் பின்னர் ஓட்டியவன் நான்.

ஆகவே உம்மா 'பஸ்ஸில போறன்' என்றபோது எனக்கு இரண்டு சந்தேகங்கள் வந்தன. பிழை காரிலா, என்னிலா? இரண்டாவதைப் பற்றி நினைக்க விருப்பமில்லாதபடியால் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

காரில் பிழை இருக்கத்தான் செய்தது. அதில் பாதியை உண்டாக்கியவனும் நானே. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. பழைய கார்களின் விலை ஏறியது. விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம் என்றிருந்த எண்ணம் அத்தோடு போயிற்று. இருப்பதையே திருத்தி ஓட்டுவோம் என்று தீர்மானித்தேன். அப்போது கார் நேர்ப் பாதையிலும் அலையும். ஸ்டியரிங்கை விரல்கள் அளவு ஆட்டினாலும் சில்லு அசையாது. வளைவில் படகைப் போலச் சாயும். என் தங்கையின் மகனுக்குக் கார் என்றால் உயிர். "மாமா, ஸ்ப்ரிங்ல ஒரு சுத்து வெட்டுவம். பதினேழு இஞ்சி எலோய் வீல் போடுவம். பிறகு பாருங்க, ரெயில் மாதிரிப் போகும்" என்றான். மருமகன் சொல்லைத் தட்டவில்லை. ஒரு கராஜில் நான்கு ஸ்ப்ரிங்குகளையும் வெட்டினார்கள். பாவித்த எலோய் வீல்களும் அகலமான, உயரம் குறைந்த டயர்களும் பூட்டினார்கள். ஸ்டியரிங் பெட்டியின் மேலுள்ள திருகாணியை ஒரு இறுக்கு இறுக்கி, ஆட்டத்தையும் "எடுத்துவிட்டார்கள்".

கல்முனை வீதியில் கார் அழகாகத்தான் இருந்தது. வாலிபர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்க்கப்படுவதை விரும்பினேன் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மஹாஓயாவுக்கும் பதியத்தலாவைக்கும் இடையில் ஒட்டுப்போட்ட தார்மேல் கார் தன் எண்ணத்துக்கு இழுத்தது. திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பவில்லை. பள்ளங்களில் முதுகெலும்பு வரை அடித்தது. இவற்றையெல்லாம் 'ஸ்போர்ட்ஸ்' என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். பதினெட்டு வளைவு அந்த விளக்கத்தை ஒரே கணத்தில் முடித்துவைத்தது.

2022 வந்தது. எரிபொருள் வரிசைகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டீசலுக்கு நாள் கணக்கில் நின்ற காலம். கார் ஆலைக் கொட்டிலுக்குள் மாதக் கணக்கில் நின்றது. உம்மா சொன்னபடியே பஸ்ஸில் போனார். பஸ் கிடைக்காத மாதங்களில் போகவில்லை. இரண்டு கிளினிக் தவறியது. மருந்துச் சீட்டை வைத்து இங்கேயே மருந்து எடுத்தோம். எழுபத்து நான்கு வயது மனுஷி விடியற்சாம பஸ்ஸில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு கண்டிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமல்ல. "நான் மெதுவா ஓட்டுறன் உம்மா" என்று பலமுறை சொன்னேன். "எனக்கேலா மகன்" என்பதே பதில்.

2023 ஆரம்பத்தில் ஒரு நண்பர் சொல்லி, கட்டுகஸ்தோட்டையிலிருந்து அக்குறணைக்குப் போகும் பாதையோரம் உள்ள ஒரு சிறிய கராஜுக்குத் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். வைத்திருப்பவர் அறுபதைக் கடந்த ஒரு நானா. இளமையில் வெளிநாட்டில் பென்ஸ் வேலை பழகியவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விடுகிறேன். அவருடைய 'ஈக்கிது'வும் என்னுடைய 'இரிக்கி'யும் பழகிக்கொள்ள அரை நாள் எடுத்தது.

நானா பொனட்டைத் திறக்கவில்லை. என்னை உள்ளே இருத்தி, "ஸ்டியரிங்க இப்பிடியும் அப்பிடியும் கொஞ்சமா ஆட்டுங்கொ" என்றார். நான் ஆட்ட, அவர் காருக்கடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பார்த்தார். இந்தக் காரில் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சில்லுவரை தடிகளில் ஆறு போல் ஜொயின்ட்கள். அவை போக எதிர்ப்பக்கத்தில் ஐட்லர் ஆம் என்றொரு கை, அதற்குள் ஒரு புஷ். ஒவ்வொன்றிலும் நூலளவு தேய்வு இருந்தால், எல்லாம் சேர்ந்து ஸ்டியரிங்கில் இரண்டு விரல் ஆட்டமாக வரும். அதைப் பெட்டியின் திருகாணியை இறுக்கி மறைத்தால், உள்ளே உருளும் குண்டுகள் இறுகிப் பெட்டியே தேயும். ஸ்டியரிங் நடுவுக்குத் திரும்ப மறுக்கும். நானா வெளியே வந்து முதலில் அந்தத் திருகாணியைத்தான் தளர்த்தினார்.

பிறகு ஜக் அடித்துப் பின்பக்கத்தைக் காட்டினார். இந்த வகைக் காரின் புகழே அந்தப் பின்பக்கம்தான். ஒவ்வொரு பின் சில்லையும் ஐந்து தனித்தனிக் கைகள் பிடித்திருக்கின்றன. 1982இல் வந்த சிறிய 190இல் முதலில் வைத்து, பிறகு இதற்குக் கொண்டுவந்தார்கள். சில்லு மேலே போனாலும் கீழே வந்தாலும் தரையோடு அது நிற்கும் கோணம் பெரிதாகக் கெடாமல் இந்த ஐந்து கைகளும் பார்த்துக்கொள்ளும். கைகளின் முனைகளில் இருப்பவை ரப்பர் புஷ்கள். நானா ஒரு நெம்புகோலை இடையில் விட்டு அசைத்தார். ஒரு கையின் ரப்பர் வட்டமாக வெடித்து, நடுக்குழாய் தனியே ஆடியது. இன்னொன்று ஒயில் பட்டு ஊதி, பிசைந்த மாவு போலிருந்தது. முன்பக்கக் கீழ்க் கைகளின் புஷ்களும் அப்படித்தான். பின்பக்கச் சட்டத்தை உடலோடு பிடித்திருக்கும் நான்கு பெரிய ரப்பர்களில் இரண்டு சப்பளிந்து கிடந்தன.

"கார் கெடல்ல மாஸ்டர்" என்றார் நானா. "ரப்பர்தான் மௌத்தாகீக்கிது."

ரப்பர் செத்தால் சில்லுகள் தாமாகவே திசை மாறும். நான் ஸ்டியரிங்கைத் திருப்பாவிட்டாலும், பாரம் ஒரு பக்கம் சாயும்போது பின் சில்லு உள்ளேயோ வெளியேயோ சற்றுத் திரும்பிவிடும். அதற்குமேல் நான் வெட்டிய ஸ்ப்ரிங். கார் தாழ்ந்துவிட்டதால் சில்லு மேலே போக இடமில்லை. அந்த வளைவின் தாழ்வில் ஸ்ப்ரிங் முழுதாக அமுங்கி, தடுப்பு ரப்பரில் மோதியது. அதுதான் நான் கேட்ட 'டக்'. அந்தக் கணத்தில் பின்பக்கம் ஸ்ப்ரிங் இல்லாத வண்டிபோலாகிப் பிடியை விட்டது. டயருக்கு நான்கிலும் நாற்பது பீஎஸ்ஐ காற்று வேறு. "நீங்க பிரேக் மிதிச்சீங்களா?" என்று நானா கேட்டார். மிதித்தேன் என்றேன். "மிதிச்சா பாரம் முன்னுக்குப் பெய்த்திடும். பின்னுக்கு ஒண்டுமீல்ல. வேகத்த வளைவுக்கு முந்திக் கொறைங்கொ, உள்ளுக்குப் பெய்த்து வேணாம்." இப்படித்தான் என் இரண்டாவது சந்தேகமும் தீர்ந்தது. வாப்பா அப்படித்தான் ஓட்டினார். பக்கத்து ஆசனத்தில் இருந்தும் நான் கவனிக்கவில்லை.

அன்றிரவு ஊருக்கு வந்து வாப்பாவின் கார்க் கொப்பியைத் தேடி எடுத்தேன். ஆலைக் கணக்குப் போல இதையும் அவர் அரபுத் தமிழில்தான் எழுதி வைத்திருந்தார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அரபு எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். வெளியாருக்கு விளங்கக்கூடாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் போயிற்று. உம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இங்க கொண்டா" என்று வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். பத்திரிகை வாசிப்பதுபோல வாசித்தார். "ஒயில் மாத்தினது... டயர் ரெண்டு, பின்னுக்குப் போட்டது... காத்து முன்னுக்கு 29, பின்னுக்கு 32... 2004, பின் கை ரப்பர் எல்லாம் மாத்தினது, காசு அநியாயம்..." அந்த இடத்தில் உம்மா சிரித்தார். அவர் வபாத்தான பிறகு அந்தக் கையெழுத்தை உம்மா பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். கடைசிப் பதிவு 2011. அதற்குப் பிறகு வாப்பாவுக்குச் சுகமில்லாமல் போயிற்று. 2004இல் போட்ட ரப்பரில்தான் பத்தொன்பது வருடம் ஓடியிருக்கிறோம். மறுநாள் டீசல் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறம் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். மங்கிப்போயிருந்தாலும் காற்றின் அளவு தெரிந்தது. வாப்பா எழுதியது அதிலிருந்துதான்.

வேலை நான்கு மாதம் இழுத்தது. பணம் சேரச் சேரத்தான் செய்ய முடிந்தது. ரூபாய் விழுந்த பிறகு வெளிநாட்டுச் சாமானின் விலையைக் கேட்டால் காது அடைக்கும். வெட்டிய ஸ்ப்ரிங்குகளுக்குப் பதிலாக, அதே வகைக் கார் ஒன்றை உடைத்த இடத்திலிருந்து பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்காரர் ஒரு செட் தேடித் தந்தார். பஞ்சிகாவத்தையில் கிடைக்காதது இல்லை என்பார்கள். கிடைப்பதெல்லாம் அசலும் இல்லை. ஜெர்மன் பெயர் அச்சடித்த பெட்டிக்குள் வாசத்திலேயே பொய் சொல்லும் ரப்பரும் இருக்கிறது. நானா வாங்கியவற்றில் இரண்டைத் திருப்பி அனுப்பினார். கடினமான பொலியூரித்தேன் புஷ் போட்டால் என்ன என்று மருமகன் கேட்டான். அது பந்தயக்காரருக்கு என்றார் நானா. ரப்பர் புஷ் தானே முறுகி வழிவிடும். ஐந்து கைகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்காமலிருப்பது அந்தச் சிறு விட்டுக்கொடுப்பினால்தான். கட்டையைப் போட்டால் சத்தமும் இறுக்கமும்தான் மிஞ்சும் என்பது அவரது கட்சி. அனுபவத்தில் நானும் இப்போது அந்தக் கட்சி.

ஒரு விடயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலருடைய காசு வீணாகிறது. புதிய புஷ்களை அடித்துக் கைகளைப் பூட்டிய பிறகு நானா ஆணிகளை இறுக்கவில்லை. தொட்டும் தொடாமலும் விட்டார். காரை இறக்கி, நான்கு சில்லும் தரையில் நின்று தன் பாரத்தில் அமர்ந்த பிறகே, குழிக்குள் இறங்கி ஒவ்வொன்றாக இறுக்கினார். சில்லுகள் தொங்கும்போது இறுக்கினால், கார் இறங்கிய கணமே எல்லா ரப்பரும் முறுகிய நிலையில் நிற்கும். நிற்கும்போதே வேதனையில் நிற்கும் மனிதனைப் போல. சில மாதத்தில் கிழிந்துவிடும். பிறகு 'சாமான் சரியில்லை' என்பார்கள்.

ஸ்ப்ரிங்கின் மேல் வைக்கும் ரப்பர் தட்டுகள் பல தடிப்பில் வருகின்றன; எந்தத் தடிப்பு என்று காட்ட ஓரத்தில் சிறு குமிழ்கள் இருக்கும். ஓட்டுநர் பக்கம் ஒரு விரல் தாழ்ந்திருந்ததை நானா தட்டை மாற்றிச் சரிசெய்தார். நான்கு ஷொக் எப்சோபர்களும் மாறின. ஸ்டியரிங் மூட்டுகளும் ஐட்லர் புஷ்ஷும் ஸ்டியரிங்கின் சிறிய டெம்பரும் மாறின. எல்லாம் முடிந்த பின்னர்தான் எலைன்மன்ட். ஆடும் மூட்டை வைத்துக்கொண்டு எலைன்மன்ட் செய்வது, ஆடும் மேசையில் தராசு வைப்பது போன்றது. வாப்பாவின் ஆலையில் அதைச் செய்தவன் அடிவாங்கியிருக்கிறான். இந்தக் காரில் முன்சில்லு சாய்ந்து நிற்கும் கஸ்டர் கோணம் சுமார் 10 பாகை. பெரிய கோணம். விட்டால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருவது அதனால்தான். எலைன்மன்ட் செய்தவர் 'டோ'வை மட்டும் பார்த்துவிட்டு முடிந்தது என்றார். நானா அவரை விடவில்லை. கீழ்க் கையின் மையம் விலகிய ஆணிகளைத் திருப்பி, கெம்பரும் கஸ்டரும் இரு பக்கமும் ஒத்துவரும்வரை பக்கத்தில் நின்றார்.

டயரைப் பற்றியும் ஒரு சொல். எலோய் வீல்களை விற்றேன். பழைய பதினைந்து இஞ்சி வீல்கள் ஆலையின் சாக்குகளுக்கடியில் கிடந்தன. அவற்றில் இருந்த டயர்களில் பூ நன்றாகத்தான் இருந்தது. போட்டு ஓடலாம் என்றேன். நானா பக்கச் சுவரைத் துடைத்து நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 3109. 2009ஆம் ஆண்டின் 31ஆவது வாரம் செய்த டயர். ரப்பர் ஓடாமலும் கிழடாகும். புதிதாக நான்கு வாங்கினேன், 195/65, காருடன் வந்த அதே அளவு. கடையில் அந்த நான்கு இலக்கங்களைப் பார்த்துத்தான் எடுத்தேன்.

இதனால் கார் பந்தயக் கார் ஆகிவிடவில்லை. ஸ்டியரிங்கின் நடுவில் இப்போதும் ஒரு சிறு மந்தம் உண்டு. குண்டுருளும் பெட்டியின் குணம் அது. வளைவில் இப்போதும் சாய்கிறது. ஆனால் மெதுவாக, சொல்லிவிட்டுச் சாய்கிறது. சாய்ந்த இடத்தில் நிற்கிறது. பதியத்தலாவைப் பாதையின் ஒட்டுகள்மேல் கையைத் தளரவிட்டுப் பிடிக்க முடிகிறது. உம்மாவை ஏற்றுவதற்கு முன் மூன்று தடவை தனியாகப் பதினெட்டு வளைவில் ஏறி இறங்கினேன். பாதையை அகலமாக்கிய பிறகு பதினேழுதான் என்கிறார்கள். நான் எண்ணவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னர் வேகத்தைக் குறைத்து, உள்ளே பிரேக்கைத் தொடாமல் போகப் பழகிக்கொண்டிருந்தேன்.

2023 ஆகஸ்ட் கிளினிக்குக்கு உம்மா காரில் வந்தார். நான் வற்புறுத்தவில்லை. முதல் நாள் இரவு சுடுதண்ணீர்ப் போத்தலைக் கழுவிக்கொண்டே, "காத்துப் பார்த்தயா?" என்று கேட்டார். அதிலிருந்து தெரிந்துகொண்டேன். ஏறும்போது தூங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், தஸ்பீஹ் உருண்டுகொண்டிருந்தது. திரும்பும்போதும் தூங்கவில்லை. ஆனால் அந்த வளைவு கழிந்து இரண்டு வளைவு கீழே வந்த பிறகு, வாப்பா ஒருமுறை இந்த இடத்தில் காரை நிறுத்தி மூங்கில் வெட்டப்போய் பொலிஸிடம் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லத் தொடங்கினார். ஹசலக வரைக்கும் அந்தக் கதை போயிற்று. அங்கே அவித்த சோளம் வாங்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மஃரிப் தொழுத பின்னர் கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் அமர்ந்தார். செய்த வேலைகளைச் சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல, 2011க்குக் கீழே, வலமிருந்து இடமாக எழுதினார். கை நடுங்கியதால் எழுத்துகள் வாப்பாவினுடையதைவிடப் பெரிதாக விழுந்தன. காசு எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். எழுதாமல் என்னைப் பார்த்தார், பிறகு எழுதினார்.

"மைல் எத்தின?"

"மீட்டர் நிண்டு கனகாலம் உம்மா. கிலோமீட்டர் தெரியா."

"அப்ப அந்த எடத்த வெறுமையா வுடுறன்" என்றார். "அதையும் செஞ்சிட்டுச் சொல்லு."